மூன்று தடவை நிறுவிய பிறகு கேட்ட கேள்வி

ஒட்டுசுட்டான் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. தட்டச்சு, போட்டோப் பிரதி, லமினேற்றிங். காணி அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பம், பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதம், தவணைப் பரீட்சை வினாத்தாள், கல்யாணக் கார்ட், இறந்தவர் நினைவாக அடிக்கும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகம் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கணினி வழியாகத்தான் போகும். அது படுத்தால் கடையும் படுத்துவிடும்.

2022 கடைசியில் அது படுக்கத் தொடங்கியது. காலையில் கடை திறந்ததும் முதலில் கணினியின் சுவிட்சைப் போடுவேன். பிறகு முன்பக்கம் கூட்டித் தண்ணீர் தெளிப்பேன். எதிரே தேநீர்க் கடைக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்து, பேப்பரில் மரண அறிவித்தல் பக்கம் வரைக்கும் வாசித்துவிட்டுத் திரும்பி வருவேன். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு நாள் முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வந்த ஐயா ஒருவர் வாங்கில் இருந்து பொறுமையிழந்து சொன்னார்: "தம்பி, நான் வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னுடைய பெட்டி எழும்புவதற்குள் என் வரம்பு உடைந்துவிடும்." நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் கணினியில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். எங்கள் ஊர்க் கடையில் லினக்ஸ் எதற்கு என்று பலர் கேட்பார்கள். கொள்கை ஒன்றும் இல்லை. பென் ட்ரைவ்தான் காரணம். இங்கே ஒரு பென் ட்ரைவ் பாடசாலை, கச்சேரி என்கிற மாவட்ட செயலகம், தனியார் கல்வி நிலையம், பக்கத்துக் கடை என்று பத்து இடம் போய்விட்டுத்தான் என்னிடம் வரும். வரும்போது பத்து இடத்து வைரஸையும் கொண்டுவரும். செருகிய மறு நிமிடம் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். அந்த நாளில் என்னிடம் இருந்ததும் காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை அழித்துப் போட்டுக் களைத்து, 2016இல் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 18க்கு மாறினேன். எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய மேசைத்திரை. ஐந்து வருடம் ஒரு வில்லங்கமும் இல்லை. 2021இல் அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்ததும் 20க்குப் போனேன். அதுவும் நன்றாகத்தான் ஓடியது.

கணினி புதியது அல்ல. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கோர் டூ டுவோ. 2 ஜிபி ராம், 320 ஜிபி வன்தட்டு. அந்த வன்தட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு பகுதியில் இயங்குதளம். மற்றதில் "வேலை" என்ற பெயரில் வாடிக்கையாளர்களின் கோப்புகள், வருடவாரியாக. எப்போது இயங்குதளத்தை மாற்றினாலும் "வேலை" பகுதியைத் தொடாமல் விட்டுவிடலாம். இதை நான் காப்புப்பிரதி என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த மடத்தனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்று இலங்கையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரத்தை வெட்டினார்கள். வெட்டும் நேர அட்டவணை ஒன்று வரும். அந்த அட்டவணைக்கு வெளியேயும் மின்சாரம் போகும். என் யூபிஎஸ் பற்றரி அதற்கு முன்பே செத்துவிட்டது. ரூபாய் விழுந்த வேகத்தில் புதிய பற்றரியின் விலை என் ஒரு மாத இலாபத்துக்குக் கிட்ட வந்து நின்றது. "பிறகு பார்ப்போம்" என்று விட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டின் மின்சாரத்தை நாளுக்கு நான்கு தடவை பிடுங்கினால் அதற்கு என்ன நடக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் தடவை மீள நிறுவியது 2023 மாசியில். கணினி மெதுவானால் அழித்துப் போடு என்பதுதான் விண்டோஸ் காலத்தில் கை பழகிய வைத்தியம். லினக்ஸ் மின்ட் 21 வந்திருந்தது. அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு இரண்டரை ஜிபிக்குக் கிட்ட. பகலில் அதை இறக்கினால் டேட்டா கட்டுப்படியாகாது. இரவு நேர டேட்டாவில், இணைய டொங்கிளை வீட்டு யன்னல் கம்பியில் கட்டிவிட்டு, இரண்டு இரவு காத்திருந்து இறக்கினேன். இடையில் ஒரு தடவை அறுந்து, மீண்டும் தொடர்ந்தது. இப்படி இறக்கியதை அப்படியே பென் ட்ரைவில் ஏற்றக்கூடாது. இறக்கிய கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. இதை மட்டும் நான் முதல் தடவையே ஒழுங்காகச் செய்தேன். மற்றதெல்லாம் பிழை.

நிறுவல் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. கணினி பறந்தது. நான் பெருமையோடு ஒரு கல்யாணக் கார்ட்டைத் திறந்தேன். மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஏதோ கிடந்தது. பாமினி எழுத்துரு இல்லை! எங்கள் பகுதியில் தட்டச்சுக் கடை என்றால் பாமினிதான். அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் அல்ல. கணினியைப் பொறுத்தவரை நாம் அடிப்பது ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதற்குத் தமிழ் உடுப்புப் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாவிட்டால் நாம் தட்டச்சு செய்யும் லிப்ரேஆஃபிஸ் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறோர் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். ஏழு வருடத்துக் கோப்புகளும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்த மாதிரித் தெரிந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

எழுத்துரு முல்லைத்தீவில் ஒரு நண்பரின் கணினியிலிருந்து கிடைத்தது. அதோடு முடியவில்லை. என்னோடு வேலை செய்யும் தங்கச்சி தட்டச்சு செய்யும்போது வசனத்தின் முதல் எழுத்து தானாக மாறிக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் அது. பாமினியில் சிறிய எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்துக்கு வேறொரு தமிழ் எழுத்து. ஆகவே ஒவ்வொரு வசனமும் பிழையான எழுத்தில் தொடங்கியது. 2016இலேயே அதை நிறுத்தி வைத்திருந்தேன். நிறுத்தியதை நானே மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு பிரிண்டர். எங்கள் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் தனியாக ஒரு மென்பொருள் போட வேண்டும். முன்பு அதை எப்படிப் போட்டேன் என்று ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதி வைக்கவில்லை. ஒன்றரை நாள் போனது.

இந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லலாம். லினக்ஸை நிறுவுவது சுலபம். ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். உங்கள் கணினியை உங்கள் கணினியாக வைத்திருக்கிற நூறு சின்னச் சின்ன விடயங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். பெரும்பாலும் அவை உங்கள் ஹோம் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும். கோப்பு மேலாளரில் கண்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் வெளியே தெரியும். எழுத்துருக்கள், லிப்ரேஆஃபிஸின் அமைப்புகளும் வார்ப்புருக்களும், உலாவியின் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் எல்லாம் அங்கேதான். "ஆவணங்கள்" கோப்புறையை மட்டும் பிரதி எடுத்துவிட்டுத் திருப்திப்படுகிறவர் என் கட்சி.

மூன்று கிழமை நன்றாக ஓடியது. பிறகு பழையபடி. முதலில் தொடங்கும் நேரம் நீண்டது. அடுத்து, ஏதாவது கோப்பைத் திறக்கும்போது முழுக் கணினியும் அரை நிமிடம் உறைந்து நிற்கும். சுட்டி மட்டும் அசையும். 2017 என்ற கோப்புறையைத் திறந்தால் நிச்சயம் உறையும். இது ஒரு பெரிய துப்பு. ஆனால் எனக்குத் தோன்றியது, "பழைய கோப்புறையில் கோப்புகள் அதிகம், அதனால்தான்" என்பது மட்டுமே.

வைகாசியில் இரண்டாவது தடவை. இந்த முறை லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், இன்னும் இலகுவானது. பழைய கணினிக்குப் பாரம் குறைந்த லினக்ஸ் போடு என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. பிழையான அறிவுரை அல்ல. ஆனால் கால் முறிந்த மாட்டுக்கு வண்டிப் பாரத்தைக் குறைப்பது மாதிரி. கணினி ஒரு மாதம் ஓடியது. தங்கச்சிதான் பாவம். பட்டியல் வேறிடத்தில், கோப்பு மேலாளர் வேறு மாதிரி, அச்சுப் பொத்தான் எங்கோ. "அண்ணை, மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய மாதிரியே வைத்துத் தாருங்கள்" என்றாள். ஆவணியில் மூன்றாவது தடவை, அவளுக்காகவே திரும்பவும் மின்ட். அதற்குள் நான் இணையத்தில் படித்த வைத்தியம் எல்லாம் செய்து முடித்திருந்தேன். ராம் போதாதபோது வன்தட்டின் ஒரு பகுதியை ராமாகப் பாவிப்பதுதான் ஸ்வாப்; அதன் பாவனையைக் குறைக்க, அதற்கான அளவை 60இலிருந்து 10 ஆக்கினேன். தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன். தொடக்கத்தில் ஓடும் சேவைகளை நிறுத்தினேன். புளூடூத் இல்லாத கணினியில் புளூடூத் சேவையை நிறுத்தியபோது ஏதோ சாதித்த மாதிரிக்கூட இருந்தது.

மூன்றாவது நிறுவல் பன்னிரண்டு நாள்தான் தாங்கியது.

அந்த நேரம் அக்காவின் மகன் விடுமுறையில் வந்திருந்தான். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். கடைக்கு வந்து வாங்கில் இருந்து, நான் நான்காவது தடவைக்குப் பென் ட்ரைவைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மாமா, எது மெதுவாக இருக்கிறது என்று பார்த்தீர்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "கணினிதான் மெதுவாக இருக்கிறது" என்றேன்.

"அது தெரியும். கணினியில் எது?"

அவன் முதலில் செய்தது எந்தக் கட்டளையும் அல்ல. பெட்டியின் பக்கத்தில் குனிந்து காதை வைத்தான். 2017 கோப்புறையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். "கேளுங்கள்" என்றான். காற்றாடிச் சத்தத்துக்குள்ளே, டிக்... டிக்... டிக் என்று ஒரே அளவில் ஒரு சத்தம். பல்லி சொல்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பிறகு கட்டளைகளைத் தட்டும் முனையத்தைத் திறந்து 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்தான். மேலே மூன்றாவது வரியில் மூளையகத்தின், அதாவது சிபியுவின், நேரம் எதில் போகிறது என்று சதவீதமாகக் காட்டும். அதில் 'டபிள்யூஏ' என்ற ஈரெழுத்துக் குறி ஒன்று உண்டு. வன்தட்டு போன்றவை பதில் சொல்லும்வரை மூளையகம் வேலையில்லாமல் காத்திருந்த நேரம் அது. என் கணினியில் அது 50க்கும் 90க்கும் இடையில் ஆடியது. மூளையகம் சும்மாதான் இருந்திருக்கிறது. நான் அதற்குப் பாரம் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

'ஃப்ரீ' என்ற கட்டளை ராமின் நிலையைக் காட்டும். 2 ஜிபியில் கொஞ்சம்தான் மிச்சம். உலாவியில் நான்கு பக்கம் திறந்தால் ஸ்வாப்புக்குப் போய்விடும், அதாவது வன்தட்டுக்கு. கடைசியாக மின்ட்டிலேயே இருக்கும் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, வன்தட்டின் ஸ்மார்ட் தரவைக் காட்டினான். வன்தட்டு தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. அதில் இரண்டு வரியைத்தான் முக்கியமாகப் பார்க்கச் சொன்னான். 5ஆம் இலக்கம், பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை. 197ஆம் இலக்கம், வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பிரிவுகளின் எண்ணிக்கை. இரண்டும் பூச்சியமாக இருப்பதுதான் நல்லது. என்னுடையதில் இரண்டுமே மூன்றிலக்கம்.

அப்படியானால் ஒவ்வொரு தடவையும் நிறுவியதும் ஏன் சரியானது என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. வாசிக்க முடியாத ஒரு பிரிவை வன்தட்டு சும்மா கைவிடாது. உள்ளே உங்கள் தரவு இருக்கிறதே, எப்படியாவது எடுத்துவிடலாம் என்று திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அந்த டிக் டிக் அதுதான். அதுவரை கணினி நிற்கும். ஆனால் அதே பிரிவில் புதிதாக ஒன்றை எழுதச் சொன்னால், பழையது இனித் தேவையில்லை என்று அதற்குத் தெரிந்துவிடும். எழுதிப் பார்க்கும், பழுதென்றால் அந்தப் பிரிவை ஒதுக்கிவிட்டு, உதிரியாக வைத்திருக்கும் நல்ல பிரிவு ஒன்றை அந்த இடத்துக்கு மாற்றிவிடும். மீள நிறுவும்போது நான் செய்தது அதைத்தான். இயங்குதளம் இருந்த பகுதியில் புதிதாக எழுதினேன், பழுதான பிரிவுகள் ஒதுங்கின, கணினி ஓடியது. மூன்று கிழமையில் புதிய பிரிவுகள் பழுதாகின. "வேலை" பகுதியில் நான் எதையும் மீள எழுதவில்லை. அதனால் அங்கே இருந்த பழுது அப்படியே இருந்தது. என் வைத்தியம் பலித்ததால்தான் நோய் தெரியாமல் போனது.

இதை முன்பே கண்டுபிடிக்க ஒரு செலவில்லாத வழி என் கையிலேயே மூன்று தடவை இருந்திருக்கிறது. மின்ட் பென் ட்ரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால் நிறுவாமலே பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த நிலையில் வன்தட்டுக்கு வேலை அநேகமாக இல்லை. அப்போது கணினி சுறுசுறுப்பாக இருந்து, வழமையாகத் தொடங்கும்போது மட்டும் தூங்கினால் வன்தட்டைச் சந்தேகப்படுங்கள். இரண்டு நிலையிலும் தூங்கினால் ராம், சூடு, தூசு என்று வேறு பக்கம் பாருங்கள். நான் மூன்று தடவையும் அந்தத் திரையைப் பார்த்தேன். "நிறுவு" என்ற பொத்தானைத்தான் தேடினேன்.

பெட்டியையும் திறந்தோம். சோளகக் காற்றும் கிறவல் வீதியும் உள்ள ஊரில் கணினிப் பெட்டியைத் திறப்பது ஒரு தொல்பொருள் அகழ்வுதான். மூளையகத்தின் மேலிருந்த காற்றாடி தூசியில் கம்பளி போர்த்தியிருந்தது. மின்வழங்கியின் பின்பக்கத் துவாரத்தில் ஒரு குளவிக்கூடு. பல்லி முட்டை இரண்டு. தூரிகையால் துடைத்து, பழைய வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம்.

தொடங்கும் ஒழுங்கை மாற்ற, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயோஸின் திரைக்குள் போனபோது திகதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த மண்ணில் வாழ்கிறவன் காலையில் எழும்பிப் பார்க்க விரும்பாத திகதி ஒன்று உண்டென்றால் அது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். காரணம் ஒன்றும் பெரிதல்ல. தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் பற்றரி செத்துவிட்டது. மின்னலுக்குப் பயந்து நான் இரவில் பிளக்கைக் கழற்றிவிடுவேன். அப்போது நேரம் அழிந்து, பலகை தன் பிறந்த வருடத்துக்குப் போய்விடும். லினக்ஸ் தான் கடைசியாக அறிந்த நேரத்தை வைத்துச் சமாளிக்கும். இணையம் கிடைத்ததும் சரிப்படுத்திக்கொள்ளும். அதனால்தான் எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. ஆனால் டொங்கிள் செருகாத நாட்களில் அச்சடித்த சில கடிதங்களில் திகதி பின்தங்கி நின்றிருக்கிறது. ஒருவர் அதற்காகவே திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தங்கச்சியைத்தான் ஏசினேன்.

கோப்புகளைக் காப்பாற்றும் வேலையில் மருமகன் என்னை எதையும் தொடவிடவில்லை. சாகும் வன்தட்டில் பிழை திருத்தும் கட்டளைகளை ஓட்டக்கூடாது. கோப்புறை கோப்புறையாகப் பிரதி எடுக்கவும் கூடாது. ஒரு பழுதான கோப்பில் மாட்டிக்கொண்டு நின்றால் மிச்சமும் போய்விடும். நண்பனிடம் இரவல் வாங்கிய வெளி வன்தட்டு ஒன்றைப் பொருத்தி, 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவியைப் பென் ட்ரைவிலிருந்து ஓட்டினான். அது முதலில் நல்ல இடங்களை எல்லாம் விறுவிறென்று பிரதி எடுத்துவிடும். பழுதான இடங்களைக் குறித்து வைத்துவிட்டு, கடைசியில்தான் திரும்பி வந்து சுரண்டிப் பார்க்கும். குறிப்புக் கோப்பு ஒன்று இருப்பதால் இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்கென்றே செய்த மாதிரி. ஓர் இரவும் ஒரு பகலும் ஓடியது. மூலத் தட்டையும் சேரும் தட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாமே அழிந்துவிடும் என்பதால், கட்டளையைக் கொடுக்கும் முன் இருவரும் தட்டுகளின் அளவைச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தோம்.

கிட்டத்தட்ட எல்லாம் வந்தது. 2017 கோப்புறையில் நாற்பதுக்குக் கிட்டவான கோப்புகள் வரவில்லை. ஒரே தட்டில் இரண்டு பகுதி வைத்தால் அது காப்புப்பிரதி ஆகாது என்பதை நான் அறிந்துகொண்ட விலை அது. மின்ட்டில் உள்ள டைம்ஷிப்ட் என்ற கருவியை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அது இயங்குதளத்தைத்தான் பின்னோக்கி எடுத்துத் தரும். உங்கள் சொந்தக் கோப்புகளை அது வழமையான அமைப்பில் சேர்ப்பதில்லை.

மாங்குளம் போய், ஏ9 வீதியில் பஸ் பிடித்து வவுனியாவுக்குப் போனேன். வன்தட்டுக்குப் பதிலாகப் போடும், அசையும் பாகம் இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, பாவித்த 2 ஜிபி ராம் ஒன்று, ஒரு பொத்தான் பற்றரி. யூபிஎஸ் பற்றரியையும் வாங்கிவிட்டேன். எல்லாமாகச் சேர்ந்து, மூன்று நிறுவலுக்கும் கடை மூடிக் கிடந்த நாட்களில் நான் இழந்ததைவிடக் குறைவுதான். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது, ராமா எஸ்எஸ்டியா என்று கேட்டால், 2 ஜிபியோடு உலாவி பாவிக்கிறவருக்கு இரண்டும் வேண்டும் என்பேன். 4 ஜிபி ஏற்கனவே இருந்தால் யோசிக்காமல் எஸ்எஸ்டி. என்னுடையது மாதிரிப் பழைய தாய்ப்பலகையில் அதன் முழு வேகம் வராது. அது பெரிய குறையில்லை. பழைய வன்தட்டில் ஊசி அங்குமிங்கும் ஓடித் தேடுவதில்தான் நேரம் போகிறது. எஸ்எஸ்டியில் ஓடித் தேட ஊசியே இல்லை.

நான்காவது நிறுவலுக்கு முன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஒரு சிஆர் கொப்பியில் எழுதினேன்: பிரிண்டர் மென்பொருளின் பெயரும் போட்ட ஒழுங்கும், தானியங்கித் திருத்தத்தில் நிறுத்த வேண்டியவை, டொங்கிளின் இணைப்பு விபரம், நான் தனியாகப் போட்ட மென்பொருள்களின் பட்டியல். பட்டியலை ஒரு கட்டளையே தரும். 'ஆப்ட்-மார்க்' என்பதோடு 'ஷோமேனுவல்' என்று கேட்டால் போதும்; இயங்குதளத்தோடு வந்தவையும் அதில் கலந்திருக்கும், அவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். எழுத்துருக்களையும் பிரிண்டர் பொதியையும் ஹோம் கோப்புறை முழுவதையும், மறைந்தவை உட்பட, வெளித் தட்டில் ஏற்றினேன். ஏற்றியதோடு விடாமல் தங்கச்சியின் மடிக்கணினியில் செருகி, நான்கு கோப்பைத் திறந்தும் பார்த்தேன். திறந்து பார்க்காத பிரதி பிரதியே அல்ல.

நிறுவும்போது பழைய வன்தட்டின் வயரைக் கழற்றிவிட்டோம். இரண்டு தட்டு செருகியிருந்தால் எதை அழிக்கிறோம் என்ற குழப்பம் ஒன்று. தொடக்க நிரல் பழைய தட்டில் போய் உட்கார்ந்துவிட்டு, அதைக் கழற்றியதும் கணினி எழும்பாமல் போவது இன்னொன்று. வயரைக் கழற்றினால் இரண்டும் இல்லை. யுனிகோட் தட்டச்சுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையையும் சேர்த்துவிட்டேன்; எஸ்எல்எஸ் 1326 தரத்தில் உள்ளது அதுதான். மின்னஞ்சலில் அனுப்பும் கடிதங்களுக்கு இனிப் பாமினி சரிவராது. ஒன்பது மணிக்குத் தொடங்கி, பதினொன்றரைக்குத் தங்கச்சி வழமைபோல வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மாறவில்லையே என்றாள். அதுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

இப்போது சுவிட்சைப் போட்டு விளக்குமாற்றை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. கணினி அதே கோர் டூ டுவோதான்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். மகனைத் தேடிக் கொழும்புக்கு அனுப்பிய மனு ஒன்றை 2017இல் என்னிடம்தான் அடித்ததாகச் சொன்னார். திரும்பவும் ஓரிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். தேடினேன். வராத நாற்பதில் அதுவும் ஒன்று. எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறும்போதே அவர் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். நான்காக மடித்த போட்டோப் பிரதி. மடிப்பில் எழுத்துகள் அழிந்திருந்தன. மிச்சம் தெளிவாக இருந்தது. "உங்களிடம் இருக்காதென்று நினைத்துத்தான் கொண்டு வந்தேன் தம்பி. நாங்கள் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்திருக்கிறோம்" என்றார்.

அவர் வாசிக்க, நான் அடித்தேன். மடிப்பில் அழிந்திருந்த வரிகளை அவர் பார்க்காமலே சொன்னார். மகனின் வயது வந்த இடத்தில் கையை நிறுத்தி, இதை மாற்ற வேண்டுமா அம்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போது இருந்த வயதையே போடுங்கள்" என்றார்.